வாசலுக்கு ஒரு தோரணம்: முதன்முறை கட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி.நகர் பனகல் பூங்காப் பக்கமும் மாவிலைக் கொத்தும் குருத்தோலையும் வந்து இறங்கிவிடும். பிளாஸ்டிக் தோரணமும் கிடைக்கும். அது வேண்டாம், பச்சிலை வாசம் இல்லாத வாசலுக்குப் பண்டிகைக் களை வராது.

இலை பார்த்து வாங்குதல்

செம்பழுப்புக் கொழுந்து மதியத்துக்குள் துவண்டுவிடும். கரும்பச்சையாக முற்றிய, ஒரே அளவு இலைகளாகப் பொறுக்குங்கள். மூன்றடி வாசலுக்கு 11 போதும். கழுவித் துடைத்து வையுங்கள்.

கயிறு

சணல் கயிறுதான் நல்லது, நைலானில் இலை வழுக்கும். நிலையின் அகலத்துக்கு மேல் ஒரு சாண் தொய்வுக்கு, இரு முனையிலும் முடிச்சுக்குக் கொஞ்சம்.

மாவிலை கோத்தல்

நடுவிலிருந்து இருபுறமும் கோத்துக்கொண்டு போனால் இடைவெளி தப்பாது. காம்பை நறுக்கிவிட்டு, இலையின் மேல்பக்கம் ஓர் அங்குலத்தைக் கயிற்றின் மேலாகப் பின்னுக்கு மடியுங்கள். பளபளப்பான முகம் வெளியே தெரிய வேண்டும். இப்போது ஒரு துண்டு ஈர்க்கை நடு நரம்புக்கு இடப்பக்கம் குத்தி, பின்னால் ஓடவிட்டு, வலப்பக்கம் வெளியே எடுங்கள். அந்த நரம்புதான் பிடிப்பு. ஓரத்தில் குத்தினால் முதல் காற்றிலேயே கிழிந்து விழும். இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குருத்தோலை

வெளிர்மஞ்சளான, விரியாத குருத்தாகக் கேளுங்கள். ஓலையைக் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்கால் குத்தி, தொங்கும் பகுதியை நகத்தால் கீறி இழுத்தால் நூல் பிடித்தாற்போல நேராகக் கிழியும். தென்னையோலையில் நரம்புகள் இணையாக ஓடுவதால்தான் இந்த அழகு, மாவிலையில் முடியாது. குருவி, கிளி பின்னுவதை அடுத்த பண்டிகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொங்கவிடுதல்

விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். தோரணத்தின் அழகே அந்தத் தொய்வுதான். கோயில் தூண்களின் மேற்பகுதியில் முத்துச் சரம் தொங்குவதுபோல் செதுக்கும் இடத்துக்குச் சிற்பிகள் ‘மாலாஸ்தானம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ரோமில் கி.மு. 9-இல் அர்ப்பணிக்கப்பட்ட அரா பாசிஸ் பீடத்தின் உட்சுவரிலும் பழமும் இலையுமாக இதே வளைவு.

அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளில் கடற்காற்று தோரணத்தைச் சுருட்டிவிடும். அங்கே நடுவிலும் ஒரு கொக்கி வையுங்கள். இலை காய்ந்து சலசலத்ததும் இறக்கி, ஈர்க்கை உருவிவிட்டு இலைகளைப் பூந்தொட்டியில் நொறுக்கிப் போடுங்கள். கயிறு அடுத்த முறைக்கும் ஆகும்.