மீன் தொட்டியும் கண்ணாடி மின்முனையும்

நெய்வேலி என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருவது பழுப்பு நிலக்கரி. 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டதும், 1956-இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியதும் நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்த செய்திகள். ஆனால் இவ்வூரில் நிலக்கரிக்கு இணையான சிறப்புடைய பொருள் ஒன்று உண்டு. அது தண்ணீர். நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்துடன் நிற்கும் ஊற்று நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்க வேலை நடைபெறும். தண்ணீரின் தன்மையை அளந்தறிவது இங்கு அன்றாடத் தேவை. அப்படி அளக்கும் கருவிகளுள் ஒன்றைப் பேணுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். அதை நான் கற்றது பாடநூலில் அன்று. நகரியத்தில் எங்கள் வீட்டு மீன் தொட்டியில்.

நேர்ந்தது என்ன?

கோடை விடுமுறைக்கு வெளியூர் சென்றபோது, எங்கள் பி.எச். மானியின் மின்முனையை ஒரு குவளை வாலை வடிநீரில் நிறுத்திவிட்டுப் போனேன். தூய நீரில் வைத்தால் தூய்மையாக இருக்கும் என்பது என் எண்ணம். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து தொட்டி நீரை அளந்தால் 8.6 என்று காட்டியது. காரத்தன்மை மிகுந்தால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சாகும் என்று படித்திருந்ததால் அஞ்சினேன். வண்ணமீன் கடையில் விற்கும் அமிலத் திரவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். மூன்றாம் நாள் மானி 7.4 காட்டியது. மனம் நிறைந்து உறங்கப் போனேன். விடிந்து பார்த்தால் மூன்று பொன்மீன்கள் மிதந்தன.

வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் சென்று சொன்னேன். அவர் ஒரு பி.எச். தாளைக் கொடுத்தார். தொட்டி நீரில் நனைத்தால் 6-ஐ ஒட்டிய நிறம் வந்தது. பிறகு 6.86 அளவுடைய தாங்கல் கரைசலில் மின்முனையை வைத்தார், மானி 8.1 என்றது. தொட்டி நீர் முதலில் ஏறத்தாழ 7.4-ஆகவே இருந்திருக்கிறது. நலமாக இருந்த நீரில் நான்தான் அமிலத்தை ஊற்றியிருக்கிறேன்.

பி.எச். என்னும் அளவு

1909-இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் இவ்வளவை வகுத்தார். ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையைக் கொண்டு அமைந்ததால், ஓர் அலகு மாறினால் செறிவு பத்து மடங்கு மாறும். 7.4-லிருந்து 6.2-க்கு இறங்குவது எண்ணில் சிறிது. மீனுக்கோ அமிலம் பதினாறு மடங்கு கூடிவிட்டது என்று பொருள்.

அம்மோனியாவைப் பற்றிய என் அச்சமும் பொய்யன்று. 25 பாகை செல்சியஸில், பி.எச். 7-ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 0.6 விழுக்காடே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8-இல் அது 5 விழுக்காட்டைத் தாண்டும்; 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேலாகும். ஆகவே மானி எப்பக்கம் தவறினாலும் உயிருக்கே கேடு.

மின்முனையின் அமைப்பு

கண்ணாடிச் சவ்வின் இரு புறமும் உள்ள கரைசல்களின் அமிலத்தன்மை வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1906-இல் கிரெமர் கண்டார். 1930-களில் அமெரிக்காவில் ஆர்னால்டு பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டிய நண்பருக்காக ஒரு மானியைச் செய்து கொடுத்தார். இன்றைய மானிகளுக்கு அதுவே முன்னோடி.

மின்முனையின் நுனியில் உள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழின் மேற்பரப்பு நீரை உறிஞ்சி, நுண்ணிய ஈரப் படலம் ஒன்றைக் கொண்டிருக்கும். அப்படலமே அயனிகளை உணர்வது. அதற்குத் துணையாக வெள்ளி–வெள்ளி குளோரைடால் ஆன ஒப்பீட்டு மின்முனை, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அமைந்திருக்கும். அக்கரைசல் சிறு நுண்துளை அடைப்பு ஒன்றின் வழியே வெளிநீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். படலம் உலர்ந்தாலும், உள்ளிருக்கும் உப்பு நீர்த்தாலும், துளை அடைந்தாலும் அளவு பிசகும்.

என் பிழை இப்போது விளங்கும். வாலை வடிநீரில் உப்பு இல்லை. எனவே உள்ளிருந்த குளோரைடு துளை வழியே சிறிது சிறிதாக வெளியேறியது. குளோரைடு குறையக் குறைய ஒப்பீட்டு மின்னழுத்தம் உயர்ந்தது. மானி அதனைக் காரத்தன்மையாகக் கணக்கிட்டது.

பேணும் முறைகள்

1. வேலை முடிந்ததும் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நுனியை நனையவைத்து, நிமிர்த்தி நிறுத்துக. 22.4 கிராம் உப்பைக் கரைத்து 100 மில்லி லிட்டராக்கினால் இக்கரைசல் கிடைக்கும். மூடியுள்ள மின்முனையாயின் மூடிக்குள் சில துளிகள் விட்டால் போதும்.

2. வாலை வடிநீர் கழுவுவதற்கு மட்டுமே, ஊறவைப்பதற்கு அன்று.

3. கழுவிய பின் துணியால் தேய்க்கலாகாது. தேய்த்தால் படலம் சிதையும்; நிலைமின்னும் ஏறும். மெல்லிய தாளால் ஒற்றி எடுக்க வேண்டும்.

4. மூடியைச் சுற்றி வெண்மையாகப் பூத்திருப்பது உப்பே, பழுதன்று. நீரில் கழுவினால் போய்விடும்.

5. குமிழில் காற்றுக் குமிழி தங்கியிருந்தால், காய்ச்சல் மானியை உதறுவதுபோல் மெல்ல உதறி இறக்குக.

6. தொட்டியிலேயே இரவும் பகலும் விட்டுவைத்தால் பாசி படரும், வெயிலும் வெப்பமும் ஆயுளைக் குறைக்கும். அளந்தவுடன் எடுத்துவிடுவதே நன்று.

அழுக்கு நீக்கல்

சுண்ணாம்புப் படிவுக்கு 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால் மணி நேரம் வைத்தால் போதும். மீன் உணவாலும் சளியாலும் படியும் புரதத்திற்குப் பெப்சின் கலந்த அமிலம் ஏற்றது. எண்ணெய்ப் பசைக்கு மென்மையான சோப்பு நீர் தகும். எந்த முறையாயினும், பின்னர் நன்கு கழுவிப் பொட்டாசியம் குளோரைடில் ஒரு மணி நேரமாவது ஊறவைத்த பிறகே அளக்க வேண்டும்.

நலம் அறியும் சோதனை

25 பாகையில் ஓர் அலகுக்கு 59.16 மில்லி வோல்ட் மாறுவது இயல்பு. 4.01, 9.18 ஆகிய இரு தாங்கல் கரைசல்களிலும் மில்லி வோல்ட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி 5.17 அலகு, ஆகவே வேறுபாடு 306 மில்லி வோல்ட் வரவேண்டும். 290-க்கு மேல் வந்தால் மின்முனை நலமாக உள்ளது. 275-க்குக் கீழே இறங்கினால் தூய்மை செய்து மீண்டும் பாருங்கள். அதன் பிறகும் தேறாவிட்டால் புதிது வாங்கும் காலம் வந்துவிட்டது. 9.18 கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அளவு மாறும். ஆதலால் பயன்படுத்தியதை மீண்டும் புட்டியில் ஊற்றலாகாது.

நன்கு பேணினாலும் மின்முனை நிலையானதன்று. ஓரிரு ஆண்டுகளில் கண்ணாடி முதுமை அடையும். பேணாவிட்டால் ஒரு மாதமே போதும் என்பதற்கு நானே சாட்சி.

முடிவுரை

மீன் தொட்டி ஒரு சிறு உலகம். அனல் மின் நிலையத்தின் கொதிகலன் நீரையும் இதே வகை மின்முனைதான் காவல் காக்கிறது. அந்நீர் சற்றுக் காரத்தன்மையுடன் இல்லையேல் இரும்புக் குழாய்கள் அரிக்கப்படும். மிகத் தூய அந்நீரிலும் மின்முனையின் உப்பு வெளியேறும் என்பதால், அங்குள்ளோர் அடிக்கடி சரிபார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் இழந்தது மூன்று மீன்கள். பெரிய இடங்களில் இழப்பும் பெரிதாகும்.

நண்பர்களே, ஆய்வகத்தில் மானி காட்டும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுமுன் தாங்கல் கரைசலில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை அது. அவ்விரண்டு நிமிடத்தை நான் செலவிட்டிருந்தால் என் தங்கை அன்று காலை தொட்டியருகே நின்று அழுதிருக்க மாட்டாள். இப்போது எங்கள் தொட்டியில் மீண்டும் ஐந்து மீன்கள் நீந்துகின்றன. தொட்டிக்கு அருகே பொட்டாசியம் குளோரைடு புட்டியும், பி.எச். தாளும் எப்போதும் இருக்கின்றன.