ஒரு மூக்கு... மூன்று கண்ணாடி!

டி.வி. பக்கத்தில் ஒன்று, பூஜை அறையில் ஒன்று, கைப்பையில் ஒன்று... நாற்பதைத் தாண்டியவர்கள் இருக்கிற வீட்டில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. 'ஏதோ ஒண்ணு, கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கிட்டா போச்சு' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

'பொன்னாங்கண்ணி சாப்பிட்டா கண்ணாடியைக் கழற்றிடலாமா டாக்டர்?' என்று கேட்பவர்கள் உண்டு. கீரை நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வெள்ளெழுத்து என்பது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக வளைந்து கொடுக்காமல் போவதால் வருவது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அதைக் கீரையும் மாற்றாது, தைலமும் மாற்றாது. கண்ணாடிதான் வழி.

எந்த வேலைக்கு எது? ஒரு சின்னக் கணக்கு. 100ஐ உங்கள் பவரால் வகுத்துப் பாருங்கள். தூரப்பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படாத ஒருவர் பிளஸ் 2.5 போட்டால், 40 செ.மீ. வரைதான் தெளிவு. அதற்கு அப்பால் மங்கல். புத்தகம் படிக்க, ஊசியில் நூல் கோக்க, அரிசியில் கல் பொறுக்க அது போதும். கம்ப்யூட்டர் திரை 60, 65 செ.மீ. தள்ளி இருக்கிறதே! அதற்கு பிளஸ் 1.5 போதும். படிக்கிற கண்ணாடியோடு திரையைப் பார்த்தால் கழுத்தை முன்னால் நீட்டுவீர்கள். அப்புறம் கழுத்து வலிக்குத் தைலம் கேட்டு வருவீர்கள். கண் பரிசோதனைக்குப் போகுமுன் திரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

முக்கியமான விஷயம், மாடிப்படி. பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடிகளில் கீழ்ப்பகுதி கிட்டத்தில் பார்க்க. அதன் வழியே படியைப் பார்த்தால் விளிம்பு மங்கும், கால் தப்பும். 2010ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இப்படிப்பட்ட கண்ணாடி போடும் வயதானவர்களுக்கு, வெளியே போக தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி கொடுத்தார்கள். அடிக்கடி வெளியே போகிறவர்கள் விழுவது குறைந்தது. ஆனால் பெரும்பாலும் வீட்டோடு இருப்பவர்கள் வெளியில் விழுவது கூடியது! ஆகவே தினமும் வாக்கிங், கடை, கோயில் என்று போகிற பெரியவருக்குத் தனிக் கண்ணாடி நல்லது. வீட்டிலேயே இருக்கும் பாட்டிக்குப் பழகியதே இருக்கட்டும். படி இறங்கும்போது தலையை நன்றாகக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியை விடாதீர்கள்.

இன்னும் சில:

* கணவர் கண்ணாடியை மனைவி போடுவது வேண்டாம். பவரும் வேறு, இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரமும் வேறு. தலைவலிதான் மிச்சம்.

* சர்க்கரை ஏறி இறங்கினால் பார்வையும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்து நிலைத்த பிறகு புதுக் கண்ணாடி வாங்குங்கள்.

* திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க முடிகிறதா? 'இளமை திரும்பிடுச்சு' என்று சந்தோஷப்படாதீர்கள். கண்புரை ஆரம்பமாக இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

* எது எந்தக் கண்ணாடி என்று குழப்பமா? கூடுகளை வேறு வேறு நிறத்தில் வாங்குங்கள். அவசரத்தில் கை தப்பாது.