பகடையில் பிறந்த கதைகள்

கேள்வி: என் மகன் கணினியில் ‘ரோல்-பிளேயிங்’ விளையாட்டே கதி என்று கிடக்கிறான். இவை எங்கே தொடங்கின? அப்படி என்ன ஈர்ப்பு?

பதில்: தொடங்கியது மேசையில். அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன், பொம்மைப் படைகளை மோதவிடும் போர் விளையாட்டை மாற்றி, ஆளுக்கொரு வீரனைக் கொடுத்துப் பாதாள அறைகளுக்குள் அனுப்பினார். விஸ்கான்சினைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ் அவரோடு சேர, 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள்தான்.

அடுத்த ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ கணினியில் இதன் சாயலில் ஆட்டங்கள் முளைத்தன. 1981-இல் ‘அல்டிமா’, ‘விசார்ட்ரி’ வந்தன. அவற்றின் தாக்கத்தில் 1986-இல் ஜப்பானின் ‘டிராகன் குவெஸ்ட்’ பிறந்தது.

ஈர்ப்பு எதில்? முடிவெடுக்கும் உரிமையில். “காவலாளியோடு சண்டை வேண்டாம், பேசிப் பார்க்கிறேன்” என்று ஆடுபவர் சொன்னால், மேசை ஆட்டத்தின் நடுவர் அந்தக் கணமே கதையைத் திருப்புவார். பேச்சு பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். கணினியோ எழுதி வைத்த பாதைகளை மட்டுமே தரும். ஆனால் கணக்கெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், கூட்டாளிகளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

சேர்ந்து உட்கார்ந்து கதை கட்டும் சுகம் மேசையில்தான் அதிகம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஆடிப் பாருங்கள்.