நால்வரையும் நீயே வாசிக்கும்போது

அன்புள்ள பேத்திக்கு,

நீ அனுப்பிய ஸ்ட்ரிங் குவார்டெட்டின் ஸ்கோரை இரண்டு நாளாக மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். இரண்டு வயலின், வியோலா, செல்லோ நான்கையும் நீயே வாசித்துப் பதிவு செய்யப் போவதாக அம்மா சொன்னாள். தாராளமாகச் செய். 1946-லேயே ஹைஃபெட்ஸ், பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவில் இரண்டு வயலினையும் தானே வாசித்துப் பதிந்திருக்கிறார். தேடிக் கேள். அத்தனை பெரிய வித்வான் வாசித்தும், ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் ஒரே ஆள் பேசுவதாகத்தான் என் காதுக்குப் படுகிறது. உன் பதிவில் அப்படி ஆகக் கூடாது என்பதுதான் என் கவலை.

நால்வரையும் வெவ்வேறு ஆட்களாகக் கேட்க வைக்கும் வேலை மைக் முன்னால் அல்ல, எழுதும்போதே தொடங்குகிறது. உன் முதல் பக்கத்தில் மெட்டு முழுவதும் முதல் வயலினுக்கு. மற்ற மூவரும் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 1772-ல் ஹைடன் எழுதிய ஓபஸ் 20 வரிசையில் இரண்டாவதை எடுத்துப் பார். மெட்டைத் தொடங்குவது செல்லோ. முதல் வயலின் வாய் திறக்காமல் காத்திருக்கிறது. மோட்சார்ட் குவார்டெட் வாசிக்க உட்கார்ந்தால் வியோலாவை விரும்பி எடுப்பாராம். ஆயுள் முழுக்க சினிமா ரெக்கார்டிங்கில் வியோலா வாசித்தவன் என்பதால் இதைச் சொல்லவில்லை. உள்குரல்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால்தான், அவற்றை வாசிக்கும்போது நீ வேறு ஆளாக மாற முடியும்.

பதியும்போது காதில் தாளம் தட்டும் கிளிக்கை நம்பாதே. வேகம் பிசகாது, ஆனால் வரிமுடிவில் மூச்சு விட இடம் கிடைக்காது. முதலில் முதல் வயலினை உன் இஷ்டப்படி வாசித்து ஒரு மாதிரி டிராக் போட்டுக்கொள். அதைக் கேட்டபடி செல்லோ, அதன்மேல் வியோலா, பிறகு இரண்டாம் வயலின். கடைசியில் மாதிரியை அழித்துவிட்டு முதல் வயலினைப் புதிதாக வாசி. தயவுசெய்து இதை மட்டும் விட்டுவிடாதே. முதலில் பதிந்த டிராக் யாரையும் கேட்காமல் வாசித்தது. மற்ற மூவரும் அதற்குப் பணிந்து போயிருப்பார்கள், அது யாருக்கும் பணிந்திருக்காது. எங்கள் காலத்தில் எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து வாசித்தோம். லீடரின் வில் எழும்பும்போதே எங்கள் வில்லும் எழும்பும். உனக்கு அந்தக் கண்ஜாடை கிடையாது. அதனால் ஒவ்வொரு நுழைவுக்கு முன்னும் மூச்சைச் சத்தமாக இழுத்துப் பதிவு செய். வேண்டாததைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

சுருதியை அடியிலிருந்து கட்டு. தந்திகளைச் சுத்தமான பஞ்சமங்களாகச் சேர்த்தால், செல்லோவின் சி தந்திக்கு வயலினின் திறந்த ஈ தந்தி கொஞ்சம் தூக்கலாகவே நிற்கும். அந்த இடத்தில் திறந்த தந்தியைத் தொடாதே. ஏ தந்தியில் விரல் வைத்து இறக்கிப் பிடி. தம்புராவில் அந்தர காந்தாரம் தானாகக் கேட்குமே, அந்த இடம்தான் உனக்கு வேண்டும்.

செல்லோவுக்காக வயலினைப் பதிந்து கம்ப்யூட்டரில் ஒரு ஸ்தாயி இறக்கலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். வில் தந்தியைக் கடிக்கும் சத்தம் அதில் குழைந்துவிடும். இரவல் செல்லோ ஒன்று வாங்கிக்கொள். முதல் பொசிஷனில் வயலின் கைக்கு ஒன்றாம் விரலிலிருந்து நான்காம் விரல் வரை மத்யம தூரம். செல்லோவில் அதே விரல்கள் மூன்று அரைஸ்வரம்தான் எட்டும். ஆகவே இரண்டாம் பக்கத்தில் செல்லோவுக்கு நீ எழுதியிருக்கும் வேகமான ஓட்டத்தை உன் கைக்குத் தக்கபடி எளிதாக்கு.

மைக்கை அசைக்காமல் நாற்காலியை மட்டும் நகர்த்தி, நால்வரும் உட்காரும் நான்கு இடங்களிலிருந்து வாசி. மின்விசிறியை நிறுத்திவிடு. நான்கு டிராக்கைச் சேர்த்தால் அறையின் இரைச்சலும் 6 டெசிபல் ஏறும்.

பதிவு முடிந்ததும் பார்ட்டுகளைத் தனித்தனியாக அச்செடுத்து, சினேகிதர்கள் மூவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துப் பார். நீ தனியாக வாசித்தபோது தெரியாத சிக்கல்களை அவர்கள் விரல்கள் உடனே காட்டும். வியோலா பார்ட்டை மட்டும் முன்னதாக எனக்கு அனுப்பு, வில் குறிகள் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
தாத்தா