வியாபாரத்துக்கு உதவும் பிரெஞ்சு – சாப்பாட்டுப் பேச்சு



புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று முடிந்தது. சட்டப்படியான இணைப்பு 1962-ல் நடந்தது. ஆனாலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இன்றும் நம் ஊருக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கடற்கரைப் பக்கமும் சந்தையிலும் வடை, தோசை, சுண்டல் விற்கும் நம் உறுப்பினர்களிடம் வந்து நிற்கிறார்கள். நாம் கையைக் காட்டுகிறோம், அவர்கள் சிரிக்கிறார்கள், சில சமயம் வாங்காமலே போய்விடுகிறார்கள்.

"இங்கிலீஷே வராது, பிரெஞ்சு எங்கக்கா வரப்போவுது?" என்று குழுக் கூட்டத்தில் கேட்கிறீர்கள். மொழி முழுவதும் தேவையில்லை. கடைக்கு வேண்டிய இருபது சொல் போதும். மாதக் கூட்டத்துக்கு இரண்டு சொல் என்று வைத்தால்கூட ஒரு வருஷத்தில் முடிந்துவிடும்.

முதலில் வணக்கம்

பிரெஞ்சுக்காரர்களிடம் எதைப் பேசினாலும் 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லித்தான் தொடங்க வேண்டும். அதைச் சொல்லாமல் விலையைச் சொன்னால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். பெண்களுக்கு 'போன்ஜூர் மதாம்', ஆண்களுக்கு 'போன்ஜூர் மெஸ்யே'. நம்மிடம் 'நீ', 'நீங்க' இருப்பது போல அவர்களிடமும் 'த்யூ', 'வூ' உண்டு. வாடிக்கையாளருக்கு எப்போதும் 'வூ'தான். 'சில் வூ ப்லே' என்றால் தயவுசெய்து. 'மெர்சி' என்றால் நன்றி. ஒரு விஷயம் கவனியுங்கள்: தட்டை நீட்டும்போது அவர் தலையை ஆட்டி 'மெர்சி' என்றால், பெரும்பாலும் 'வேண்டாம்' என்று அர்த்தம்.

'ன்' என்று முடியும் சொற்களில் நாக்கை மேலே ஒட்டாமல் மூக்கால் விட்டுவிடுங்கள். அது போதும்.

நம் பண்டத்தை எப்படிச் சொல்வது?

தோசை – 'க்ரெப் த ரீ' (அரிசித் தோசை; அவர்கள் ஊரிலும் மாவைத் தோசை போல ஊற்றிச் சுடுவார்கள், அதன் பெயர் க்ரெப்)
வடை – 'பெஞ்ஞே த லான்தீய்' (பருப்பு வடை)
இட்லி – 'காத்தோ த ரீ' (அரிசிப் பணியாரம் மாதிரி)
தண்ணீர் – 'ஓ', பால் – 'லே', டீ – 'தே', முட்டை – 'எஃப்', கோழி – 'பூலே'

மீனுக்கு 'புவாஸ்ஸோன்'. இதில் 'ஸ்' ஒலியை நன்றாக அழுத்த வேண்டும். தேனீ ரீங்காரம் போல் சொல்லிவிட்டால் அது வேறு சொல்லாகி 'விஷம்' என்று அர்த்தம் வந்துவிடும்! மீன் வறுவல் விற்கும் அக்காமார்கள் இதை மட்டும் நூறு தடவை சொல்லிப் பழகுங்கள்.

இரண்டு பெரிய சொற்கள்

'அவெக்' என்றால் சேர்த்து. 'சான்' என்றால் இல்லாமல். 'அவெக் சுக்ர்' – சர்க்கரையோடு. 'சான் சுக்ர்' – சர்க்கரை இல்லாமல். 'சான் வியான்த்' – கறி இல்லாமல். இந்த இரண்டை வைத்தே பாதி வியாபாரம் நடந்துவிடும்.

காரத்துக்கு 'பீக்கான்'. 'பா பீக்கான்' – காரம் இல்லை. 'ஏன் பெ பீக்கான்' – கொஞ்சம் காரம். 'த்ரே பீக்கான்' – ரொம்பக் காரம். நமக்குக் கொஞ்சம் என்பது அவர்களுக்கு ரொம்ப. அதனால் சட்னியை ஓரமாகத் தனியே வையுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட சொல்

'காக்கவெத்' என்றால் வேர்க்கடலை. சிலருக்குக் கடலை துளி பட்டாலும் ஒத்துக்கொள்ளாது. உதடு, தொண்டை வீங்கி, சில நிமிஷத்தில் மூச்சுத் திணறலாம். உயிரே போகலாம். அப்படிப்பட்டவர் 'ஜ சுயி அலெர்ஜீக்' என்று சொல்லிக் கேட்பார். கடலை எண்ணெய்க்குச் சொல் வேறு: 'உயில் தாராஷித்'. எள்ளுக்கு 'செசாம்'. முந்திரிக்கு 'நுவா த காஜு'.

நம் சட்னியில் கடலை இருக்கும், வடை கடலை எண்ணெயில் வெந்திருக்கும், பொங்கலில் முந்திரி இருக்கும். இருந்தால் 'வுய்' (ஆமாம்) என்று சொல்லிவிடுங்கள். மாவு அரைத்தது, தாளித்தது இன்னொருவர் என்றால் 'ஜ ந சே பா' (எனக்குத் தெரியாது) என்று சொல்லுங்கள். விற்பனை போகட்டும் என்று 'நோன்' (இல்லை) மட்டும் சொல்லிவிடாதீர்கள். முப்பது ரூபாய் போனால் நாளைக்குச் சம்பாதிக்கலாம்.

விலை

'செ கோன்பியேன்?' – எவ்வளவு? பத்து 'தீஸ்', இருபது 'வேன்', முப்பது 'த்ரான்த்', ஐம்பது 'சேன்கான்த்', நூறு 'சான்'. ஆமாம், 'இல்லாமல்' என்பதற்கும் அதே ஒலிதான். பேச்சைப் பார்த்து அவர்களுக்குப் புரிந்துவிடும். சந்தேகம் வந்தால் சீட்டில் எண்ணை எழுதிக் காட்டுங்கள். சாப்பிடக் கொடுக்கும்போது 'போனப்பெத்தி' (நல்லா சாப்பிடுங்க) என்று சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

குழுவில் செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் மூன்று கேள்வி கேட்கட்டும்: காரமா? கறி இருக்கா? கடலை இருக்கா? பிறகு இடம் மாறுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாயால் சொல்லிக் கொடுக்கட்டும். கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் உச்சரிப்பு நன்றாக வரும்.