கேட்கும் முறையும் சொல்லும் முறையும்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனது இயல்பையும் மாணவனது இயல்பையும் கூறியதோடு நின்றாரில்லை. பாடம் சொல்லும் முறையைத் தனியாகவும், பாடம் கேட்கும் முறையைத் தனியாகவும் வகுத்துரைத்தார். ஓலைச்சுவடியை முன்வைத்து எதிரெதிரே அமர்ந்தவர்களுக்கே அத்தனை விதிகள் வேண்டியிருந்தன. இன்றோ பழுதுற்ற கணிப்பொறி ஓர் ஊரிலும், அதற்கு வழிசொல்பவர் வேறோர் ஊரிலுமாக, முகம் காணாமல் இணையத்தின் வழியே பேசிக்கொள்கிறோம். இங்கே விதிகள் இன்னும் மிகுதியாக வேண்டும் அன்றோ?

வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். இணையவழி உதவ முன்வருபவருக்கு அவ்வசதி இல்லை. அவருக்குக் கண்ணும் காதும் கையும் கேட்பவரே ஆவார். ஆகவே கேட்பவர் எழுதும் பத்து வரிகளிலேதான் பாதிச் சிகிச்சை அடங்கியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாணவர் ஒருவர், “இன்டர்நெட் வரவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்திற்கு நாளை கடைசி நாள். அவசரம், உதவுங்கள்” என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோடத்தை அணைத்துப் போடு என்பார் ஒருவர். கேபிளை மாற்று என்பார் மற்றொருவர். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று துணிந்து சொல்பவரும் உண்டு. அத்துணிச்சலை நம்பி, அவ்வியந்திரத்தில் இருந்த ஆண்டிறுதி ஆய்வேட்டையும் சேர்த்து அழித்துவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?

உண்மையில் அம்மாணவர் கண்டது வேறு, எழுதியது வேறு. “இன்டர்நெட் வரவில்லை” என்பது அவர் செய்துகொண்ட முடிவு. இங்கிலாந்தைச் சேர்ந்த நிரலாளர் சைமன் டேத்தம், பழுதைத் தெரிவிக்கும் முறை பற்றி 1999இல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்துவதும் இதைத்தான்: கண்டதையும் ஊகித்ததையும் கலக்கக் கூடாது. அதே மாணவர் பின்வருமாறு எழுதியிருக்கலாம்:

“டெஸ்க்டாப் கணிப்பொறி, விண்டோஸ் 10, வாங்கி ஏழாண்டு ஆகிறது. நேற்று மாலை வரை சரியாக இருந்தது. இரவு சுவிட்சை அணைத்தோம். இன்று காலை போட்டதும் குரோமில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்’ என்று வருகிறது. அதே வைஃபையில் செல்போன் நன்றாக வேலை செய்கிறது. மோடத்தை அணைத்துப் போட்டேன், மாற்றமில்லை.”

விடை வினாவுக்குள்ளேயே வந்துவிட்டது பாருங்கள்! செல்போன் வேலை செய்வதால் மோடத்தின் மேல் பழியில்லை. எழுத்து மாறாமல் எடுத்தெழுதிய அச்செய்தியோ கடிகாரம் பின்தங்கியிருப்பதை நேராகவே சொல்கிறது. பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் தன்னை அடையாளம் காட்ட ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விட்டால், அச்சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று கருதிப் பிரௌசர் கதவை அடைத்துவிடும். தேதி ஏன் பின்னே போயிற்று? மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓடச் செய்வது மதர்போர்டில் உள்ள ஒரு சிறு பட்டன் செல். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் வகை. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதே அவ்வெண்ணின் பொருள். 3 வோல்ட் தரும் அந்தச் செல் ஓய்ந்துவிட்டால், இரவில் சுவிட்சை அணைத்ததும் கடிகாரமும் நின்றுவிடுகிறது. “இரவு அணைத்தோம், காலையில் வந்தது” என்ற சிறு குறிப்பின் அருமை இப்போது விளங்கும்.

இனி, சொல்பவர் கடமைக்கு வருவோம். இது சற்றுக் கடினமானது. தமக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுதல் உதவியாகாது. ஐந்து மாற்றங்களை ஒருசேரச் செய்தால் எதனால் குணமாயிற்று என்பதை யாரும் அறியார். தீங்கில்லாத சோதனை முதலில். திரும்பப் பெற முடியாத செயல் கடைசியில். அதற்கும் முன்னே, “உங்கள் கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி உண்டா?” என்ற கேள்வி. ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதினால், அதைச் செப்பனிடும் கட்டளைகளை அடுக்குவது பெருந்தவறு. சாகக் கிடக்கும் வட்டு ஒவ்வோர் ஓட்டத்திலும் மேலும் கெடக்கூடும். முக்கியமானவற்றைப் பிரதி எடுப்பதே அங்கு முதல் வேலை. அதுவும் இயலாவிட்டால் அணைத்து வைப்பது நன்று. “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்பவரைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. அவருக்கும் ஒரு காலத்தில் தெரியாதுதான்.

உதவி என்ற பெயரில் வரும் கயவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். தாமாகவே அழைத்து, உங்கள் இயந்திரத்தில் வைரஸ் இருக்கிறது என்று அச்சுறுத்தி, தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். அதை நிறுவி அனுமதியும் அளித்துவிட்டால் திரை அவர்கள் வசம். வங்கிக் கணக்கும் அப்படியே. இத்தகைய மோசடி பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்தது. முறையாக உதவுபவருக்கு ஓ.டி.பி.யும் கடவுச்சொல்லும் ஒருபோதும் தேவைப்படா. படம் எடுத்து அனுப்பும்போதும் அவை தெரியாதபடி மறைத்து அனுப்புக. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

மீண்டும் நம் மாணவரிடம் செல்வோம். தேதியைக் கையால் திருத்தினார், தளம் திறந்தது, விண்ணப்பமும் போயிற்று. “சரியாகிவிட்டது, நன்றி” என்று எழுதிவிட்டு அவர் மறைந்துவிட்டால், மறுநாள் காலை அதே பழுது அவரை வரவேற்கும். திரும்பி வந்து அதைச் சொன்னால்தான் பட்டன் செல் வரை பேச்சு போகும். செல்லை மாற்றிய பிறகு, “சி.ஆர். 2032 மாற்றினேன்; மூன்று இரவு அணைத்து வைத்தும் தேதி மாறவில்லை” என்று ஒரு வரி எழுதி வைத்தாரானால், அடுத்த ஆண்டு அதே பழுதோடு தேடி வரும் வேறோர் ஊர் மாணவர், கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொண்டே வீட்டைவிட்டுக் கிளம்புவார்.