செத்த போனைத் திறக்கும் முன்

புதிதாக போர்டு வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு:

1. கஸ்டமரிடம் முதலில் கேளுங்கள்: போன் வேண்டுமா, உள்ளே இருப்பது வேண்டுமா? உள்ளே இருப்பதுதான் என்றால் கேமராவும் ஸ்பீக்கரும் ஓட வேண்டியதில்லை. போர்டு கொஞ்ச நேரம் உயிரோடு நின்று, லாக் நம்பரை ஏற்று, படங்களை வெளியே விட்டால் போதும்.

2. மெமரி ஐசியைக் கழற்றித் தனியாகப் படிக்கும் காலம் போய்விட்டது. 2013-ல் ஐபோன் 5எஸ் வந்தபோதே பூட்டு இறுகிவிட்டது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-உடன் வெளியான புது போன்கள் எல்லாவற்றிலும் குறியாக்கம் கட்டாயம். குறியாக்கச் சாவியின் ஒரு பாதி தயாரிக்கும்போதே பிராசசருக்குள் பதிந்துவிடுகிறது. மறு பாதி கஸ்டமரின் லாக் நம்பர். ஆகவே பிராசசரையும் மெமரியையும் பிரிக்காதீர்கள். வேறு போர்டுக்கு மாற்றுவதானால் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். சில மாடல்களில் கூடவே போக வேண்டிய சின்ன ஐசிகளும் உண்டு.

3. தண்ணீரில் விழுந்ததா? அரிசியில் புதைப்பதால் ஒன்றும் ஆகாது. சார்ஜில் போட்டால் கதை முடிந்தது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்துதான் போர்டை அரிக்கின்றன. முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு ஐசிகளை மூடியிருக்கும் தகரத்தைத் தூக்கி, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு படிந்திருப்பதைத் தேய்த்துப் போக்குங்கள். கடல் தண்ணீர் என்றால் நாளைக்குத் தள்ளாதீர்கள்.

4. பட்டனை அழுத்தாமலே பவர் சப்ளையில் ஆம்பியர் ஏறினால் மெயின் லைன் ஷார்ட். போர்டில் ரோசின் புகையைப் படியவிடுங்கள். வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த லைனில் ஒரு வோல்ட் அளவில் கொடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஓரிடத்தில் வெள்ளை உருகிக் கண்ணாடியாகும். பெரும்பாலும் அங்கே கடுகளவு கெபாசிட்டர் ஒன்று இருக்கும். அதை எடுத்ததுமே எழுந்து உட்காரும் போன்கள் நிறைய. ஆனால் பிராசசருக்கு நேரே போகும் லைனில் இந்த வேலை வேண்டாம். பிராசசர் போனால் சாவியும் போயிற்று.

5. ஹாட் ஏர் பழக்கத்தைக் காயலான் கடை போர்டில் கற்றுக்கொள்ளுங்கள், கஸ்டமர் போர்டில் அல்ல.

6. ரீஸ்டோர், ஃபேக்டரி ரீசெட் பக்கமே போகாதீர்கள். சாவி அழிந்த பிறகு எந்த லேபாலும் மீட்க முடியாது. லாக் நம்பரை ஊகித்தும் பார்க்காதீர்கள். சில ஐபோன்களில் பத்து தவறுக்கு எல்லாம் அழியும்படி வைத்திருப்பார்கள். டச் போயிருந்தால் வேறு டிஸ்பிளே மாட்டி, கஸ்டமர் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

7. போன் எழுந்தவுடன் நகல் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அதற்கு முன்பே, போன் கஸ்டமருடையதுதானா என்று ஐஎம்இஐ நம்பரை பில்லோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். கேட்டதை மட்டும் எடுங்கள், எதையும் திறந்து பார்க்காதீர்கள். ஒப்படைத்ததும் உங்கள் நகலை அவர் கண் முன்னே அழியுங்கள்.

8. இறந்துபோனவரின் குரல் பதிவுக்காக வந்து நிற்பார்கள். பிராசசர் விரிசல் விட்டிருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கலாம்’ என்று மாதக்கணக்கில் அலையவிடுவது கொடுமை. உங்களால் மட்டும் முடியாததாக இருந்தால் போர்டையும் கழற்றிய ஐசிகளையும் ஒரு ஸ்க்ரூ விடாமல் கவரில் போட்டு, என்னென்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்து கை வைப்பவருக்கு அது வேண்டும்.